ஜன்னலில் எழுதிய நியூஃபவுண்ட்

அன்று வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது நானும் இருந்தேன் என்று வந்து நிற்கக்கூடாது. அப்பா, அம்மா, அண்ணன், நான், அடையாற்றிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் சிநேகிதரான கணக்கு வாத்தியார். ஏழாவது ஆள் வாசற்படியில் ஒரு காலை வைத்து, மறு காலை வைக்கலாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்த அவள். அவளை ஜட்காவில் கொண்டுவந்த தொண்டர் இறங்கவே இல்லை. இன்னும் மூன்று பேரை வீடு சேர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். அவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

உங்களில் என் வயதுக்காரர்களுக்கு அந்தக் கோடை மறந்திருக்காது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னையே மூட்டை கட்டியது. மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றி மாட்டு வண்டிகள். கட்டில், குத்துவிளக்கு, வீணை, பாட்டுப் பெட்டி எல்லாம் ஏறின. ஊர் என்று ஒன்று உள்ளவர்கள் ஊருக்குப் போனார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. போர்த்துக்கீசியர் காலத்திலிருந்தே எங்கள் ஆட்கள் அந்தச் சாந்தோம் பக்கத்து மணலிலேயே பிறந்து, அதே கோவில் கல்லறையில் படுத்தவர்கள். "போறதுன்னா கடலுக்குள்ளதான் போகணும்" என்பார் அப்பா.

சந்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மூலைக்கு மூலை மணல் வாளி. எங்கள் ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்பு பூசச் சொல்லி உத்தரவு. வெளிச்சம் வெளியே தெரிந்தால் அபராதம். கறுப்புக் காகிதம் வாங்கக் காசு இல்லாமல், அப்பா விளக்குக் கரியை வஜ்ரப் பசையோடு சேர்த்துக் காய்ச்சி, பழைய துணியால் தடவினார். ஒரு வாரம் வீடு முழுவதும் அந்தப் பசையின் கொம்பு கருகிய நாற்றம். காய்ந்ததும் பார்த்தால் கண்ணாடி கரும்பலகை மாதிரி ஆகிவிட்டது. ஆங்கில வாத்தியார் வீட்டில் கரும்பலகை சும்மா இருக்குமா?

அப்பாவுக்கு ஏற்கனவே ஒரு பழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுப்பார். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தன் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். புத்தகத்திலிருந்து எடுத்தால் செல்லாது. தப்பாகச் சொன்னால் காலணா அபராதம். அது கோவிலில் ஏழைகள் உண்டியலுக்குப் போகும். எல்லோரும் சரியாகச் சொல்லி, அபராத பாக்கியும் தீர்ந்தால்தான் சொல் முடிந்தது என்று பெயர். அப்புறம் ஈரத் துணியால் துடைத்துவிட்டு அடுத்த சொல். அம்மாவுக்கு மட்டும் சலுகை. அவள் தமிழிலேயே சொல்லி, நடுவில் அந்த ஒரு வார்த்தையை வைத்தால் போதும். 'ஆப்ஸ்டினேட்' என்ற பிடிவாதச் சொல்லுக்கு அம்மா, "இன்னிக்கு வாங்கின கத்திரிக்காய் ரொம்ப ஆப்ஸ்டினேட், வேகவே மாட்டேங்குது" என்றாள். கணக்கு வாத்தியார்தான் நடுவர். முழு மதிப்பெண் கொடுத்தார்.

அவர் எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்காருவார், கோடையில் விசிறிக்கொள்வார், சிரிப்பார். காபி மட்டும் குடிக்கமாட்டார். வாழைப்பழம் சாப்பிடுவார். தோலை உரித்துச் சாப்பிடுகிறதற்குத் தீட்டு இல்லையாம். அம்மா அவருக்கென்றே ஞாயிற்றுக்கிழமை மொந்தன் இல்லாமல் பூவன் பழமாகப் பார்த்து வாங்குவாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. அப்பா எதையும் உடனே முடிவு செய்யமாட்டார். செருப்பு வாங்கணுமா, ஓடு மாற்றணுமா, எது கேட்டாலும் ஜன்னலைப் பார்த்து, "இந்தச் சொல் முடியட்டும், பார்க்கலாம்" என்பார். அது தட்டிக்கழிக்கிற வழி என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு ஒன்பது வயது. அது சட்டம் என்றே நினைத்திருந்தேன்.

அவள் வாசலில் நின்றாளே, அங்கே வருகிறேன். பதினாலு வயதிருக்கும். கையில் பர்மாக்காரர்கள் பிடிக்கிற காகிதக் குடை. கம்பி இரண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கன்னத்தில் ஏதோ மரப்பட்டையை அரைத்துப் பூசிய மஞ்சள் வட்டம், வேர்வையில் பாதி அழிந்து. காலைத்தான் பார்க்க முடியவில்லை, அவ்வளவு புண். ரங்கூனிலிருந்து மலை வழியாக நடந்து வந்த கால். என் சித்தப்பாவின் மகள் அவள். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு கப்பலேறிய சித்தப்பா, பல வருடமாகக் கடிதமில்லாத சித்தப்பா. அவருக்கு ஒரு பெண் இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவளுடைய அம்மா முன்பே இறந்துவிட்டாளாம். அப்பா வழியில் காலராவில் போய்விட்டாராம். இதை அவள் தண்ணீர் கேட்பதுபோல அமைதியாகச் சொன்னாள். கோவில் பேரும், பக்கத்துச் சந்தில் வாத்தியார் வீடு என்பதும்தான் அவள் மனப்பாடம் செய்து கொண்டுவந்த விலாசம்.

அப்பா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கோட்டுப் பையில் எப்போதும் கிடக்கும் சாக்பீஸ் துண்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். அழுகிறதற்குத் திரும்பிக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்திருக்கும், இப்போது நினைத்தால் புரிகிறது. முதுகைக் காட்டிக்கொண்டே எழுதினார்: நியூஃபவுண்ட்.

"புதுசுன்னு அர்த்தம்" என்றான் அண்ணன், அபராதத்துக்கு முந்திக்கொண்டு.

"அரைகுறை. புதுசா பண்ணினதை நியூன்னு சொல்லு. புதுச் செருப்பு, புதுச் சட்டை. இது வேற. ஏற்கனவே எங்கேயோ இருந்தது, நமக்குத்தான் தெரியல. இப்பக் கண்டுபிடிச்சிருக்கோம். அதுதான் நியூஃபவுண்ட். வானத்துல புதுசா ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தா சொல்லலாம். சிநேகிதன் கிடைச்சா சொல்லலாம். தைரியம் வந்தா சொல்லலாம். புதுமை அந்தப் பொருள்ல இல்லடா, கண்டுபிடிச்சவன்கிட்ட இருக்கு."

"அப்போ சார்" என்றார் கணக்கு வாத்தியார், பழத்தை உரித்துக்கொண்டே. "அமெரிக்காவைக் கண்டுபிடிச்சான் கண்டுபிடிச்சான்னு சொல்றேளே. அங்க ஏற்கனவே குடியிருந்தவாளுக்கு அது நியூஃபவுண்டா?"

"இல்ல சார். போய் இறங்கினவனுக்குத்தான்."

"அவாளுக்கு?"

"அவாளுக்கு அவன்தான் நியூஃபவுண்ட்."

அப்போதுதான் வாசலில் நின்றவள் வாயைத் திறந்தாள். ரங்கூனில் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்தவள் போல. நல்ல இங்கிலீஷ். "ஐ ஹேவ் அ நியூஃபவுண்ட் அங்கிள்."

எங்கள் வீட்டு வழக்கம் அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. யாரும் கேட்காமலே அந்தச் சொல்லுக்கு முதல் வாக்கியம் அவளுடையதாகிவிட்டது. அப்பா ஜன்னலை விட்டுத் திரும்பவேயில்லை. அம்மா போய் அவள் கையிலிருந்த குடையை வாங்கி மூலையில் சாத்திவைத்து, "உள்ள வா கண்ணு, காலைக் கழுவு" என்றாள்.

அத்தை மட்டும் தன் நாற்காலியிலிருந்து அசையவில்லை. அடையாற்றில் ஒரு பெண்கள் விடுதியில் மேற்பார்வை பார்க்கிறவர். நாள் முழுவதும் பொய் சொல்கிற பெண்களையே பார்த்துப் பார்த்து அவருக்கு அந்தக் கண் வந்துவிட்டது. அவள் உள்ளே போனதும் ஆரம்பித்தார்.

"தம்பி, இவ அவன் பொண்ணுதான்னு உனக்கு யாரு சொன்னது?"

"மூக்கைப் பாருங்கக்கா. அப்படியே நம்ம அம்மா மூக்கு."

"மூக்கைப் பார்த்து ஆளை உள்ள விடுவியா? இந்த மெட்ராஸ்ல அந்த மூக்கு நூறு இருக்கு. பர்மா அரிசி நின்னுபோச்சு, இருக்கிற அரிசிக்கே விலை ஏறிக்கிட்டுப் போகுது. உனக்குப் பள்ளிக்கூடத்துல பாதிச் சம்பளம். அநாதைப் பிள்ளைங்க மடத்துல சிஸ்டர்மார்கிட்ட நான் சொல்றேன். கட்டில் காலியானா எடுத்துக்குவாங்க. இப்ப நியூஃபவுண்டுன்னு கொஞ்சுவே. நாலு மாசம் போனா பழசாயிடும், அப்ப அனுப்பினா அதுக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம்."

அப்பா ஜன்னலைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் சொல்கிறதையே சொன்னார். "இந்தச் சொல் முடியட்டும்க்கா. அப்புறம் பார்க்கலாம்."

அன்று சாயந்திரம் அப்பாவிடம் கேட்டேன். "அப்பா, ஒண்ணு எத்தனை நாள் வரைக்கும் நியூஃபவுண்டா இருக்கும்?"

"பழகுற வரைக்கும்."

"பழகிட்டா?"

"அந்த வார்த்தை எதுக்கு? எடுத்துட வேண்டியதுதான்."

அவர் இலக்கணம் சொன்னார். எனக்கு அவளையே எடுத்துவிடுவார்கள் என்று கேட்டது. நான் பிறந்ததிலிருந்தே இப்படித்தான். இன்றும் வாசல் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள் நான். அந்த வயதில் பூட்டுக்குப் பதில் அந்த ஜன்னல். சொல் இருக்கிறவரை அவள் இருப்பாள். துடைத்தால் போய்விடுவாள். துடைக்காமல் இருக்க ஒரே வழிதான் எனக்குத் தெரிந்தது: யாராவது ஒருவர் தப்பாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் ஞாயிறு என் வாக்கியம்: "மதர் மேட் நியூஃபவுண்ட் தோசை."

"தோசையை அம்மா கண்டுபிடிச்சாளா, சுட்டாளா?" என்றார் அப்பா.

"ஏன் சார், உங்காத்துல தோசை ஒளிஞ்சுண்டிருந்ததோ என்னமோ" என்றார் கணக்கு வாத்தியார். எல்லோரும் சிரித்தார்கள். காலணா. அப்பா ஜன்னல் மூலையில் ஒரு சிறிய கோடு போட்டார்.

அடுத்தது: "யெஸ்டர்டே ஐ ஹேட் நியூஃபவுண்ட் ஃபீவர்." காய்ச்சலுக்கு, கடனுக்கு, கெட்டதற்கு அந்தச் சொல் ஒட்டாது, மனசுக்குப் பிடித்ததற்குத்தான் பெரும்பாலும் சொல்வது என்று அப்பா பொறுமையாக விளக்கினார். இன்னொரு கோடு. அதற்கடுத்த முறை ஓர் ஆபத்து வந்தது. சிலேட்டைச் சொன்னால் தப்பாகும் என்று நினைத்து, "மை ஸ்லேட் இஸ் நியூஃபவுண்ட்" என்றேன். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "தொலைஞ்சு கிடைச்சதாம்மா? அப்படின்னா ஒரு மாதிரி ஒத்துக்கலாம்!" எனக்கு உயிரே போய்விட்டது. "இல்லப்பா, கடையில வாங்கினது" என்று அலறினேன். அப்பா முகம் மறுபடி விழுந்தது.

"மக்கு" என்றான் அண்ணன். அவன் தியாகராய நகர்ப் பூங்காவில் வெட்டியிருந்த பதுங்கு குழியில் தேங்கிய தண்ணீரில் தவளை பிடித்துவிட்டு வந்து, 'நியூஃபவுண்ட் ஃபிராக்' என்று சொல்லி எப்போதோ தப்பித்துவிட்டான். அம்மாவும் சொல்லிவிட்டாள். "எனக்கு ஒரு நியூஃபவுண்ட் கை கிடைச்சிருக்கு" என்றாள், ரங்கூன் அக்கா அரைத்துக்கொடுத்த மாவை வழித்துக்கொண்டே. உதவிக்குக் கை என்றுதான் சொன்னாள். எனக்கு அதுவும் கவலை. கைக்குச் சோறு போடுவார்களா, மகளுக்குப் போடுவார்களா?

தப்பாகச் சொல்வது பாவம் என்ற பயம் வேறு. அதனால் சரியான வாக்கியத்தை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. காலையில் பால்காரர் சைதாப்பேட்டையிலிருந்து மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் கிணற்றடியில்தான் கறப்பார். அவர் செம்பு வாங்க உள்ளே குரல் கொடுக்கிற நேரம் பார்த்து, மாட்டின் காதருகே குனிந்து, "ஐ ஹேவ் அ நியூஃபவுண்ட் சிஸ்டர்" என்பேன். மாடு காதை ஆட்டும். ஒரு நாள் அவர் பார்த்துவிட்டார்.

"இன்னா பாப்பா, மாட்டுக்கு இங்கிலீசு கத்துக் குடுக்கிறியா? அப்பால இது தொரை ஊட்டுக்குத்தான் பால் குடுக்கும். நான் இன்னா பண்றது?" உரக்கச் சிரித்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "வாத்தியாரம்மா, இந்தப் பெரிய பொண்ணு ரங்கூன்லேர்ந்து நடந்தே வந்துக்கீதாமே! எனக்கு சைதாப்பேட்டைலேர்ந்து வர்றதுக்குள்ள காலு ஒடைஞ்சு பூடுது. அதுக்கு ஒரு சேர் சேத்தே ஊத்தறேன், கணக்குல எழுதாதே."

கிணற்றுக்கு அந்தப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் அந்தப் பெரிய பெண்தான். துணி அடிக்கிற சத்தம் நின்றிருந்தது. நான் அதை அப்போது கவனிக்கவில்லை.

ஒரு ஞாயிறு அத்தை படுக்கையை உதறும்போது ரங்கூன் அக்காவின் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சு விழுந்தது. உள்ளே காய்ந்த சோறு, உருண்டை உருண்டையாய், கல் மாதிரி. அத்தை அதைக் கூடத்தில் கொண்டுவந்து கொட்டினார்.

"பாரு தம்பி. உன் நியூஃபவுண்டு திருடுது."

அப்பா அவளைப் பார்த்தார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் அரிசி விலை அந்த வாரம் அவரையும் ஏதோ செய்திருந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திருடினவள் மாதிரியே நின்றாள், அதுதான் மோசம்.

அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். கொட்டிய சோற்றுருண்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதே துணியில் வைத்தாள். உள்ளே போய் ஒரு கை அவல் கொண்டுவந்து அதன் மேல் போட்டு, முடிச்சுப் போட்டு, அவள் கையில் கொடுத்தாள். "சோறு பூசணம் பிடிக்கும் கண்ணு. அவல்னா தாங்கும். வழிக்கு வச்சுக்கோ" என்றாள். வழி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அத்தை, "உங்க வீடு, உங்க அரிசி" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பள்ளிகளைத் திறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. குண்டு வரவில்லை, ஊருக்குப் போனவர்கள் வண்டி வண்டியாகத் திரும்பினார்கள். பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையை நான் இன்னும் தாண்டவில்லை, அதன் இந்தப் பக்கத்திலேயே நிற்கிறேன் என்று சில சமயம் தோன்றும்.

அத்தை வந்திருந்தார். மடத்தில் ஒரு கட்டில் காலியாகியிருக்கிறது, வரும் வாரத்துக்குள் சொல்ல வேண்டும் என்றார். அப்பா என்னைக் கூப்பிட்டு ஜன்னல் முன்னால் நிறுத்தினார். மூலையில் கோடுகள் கொசு மொய்த்தது போல இருந்தன.

"இத பாரும்மா. பள்ளிக்கூடம் திறக்குது. உங்கண்ணனுக்கு என் பள்ளிக்கூடத்துலயே சலுகை. பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட என்னால முடியாது. ஆனா நீ படிக்கிற பிள்ளைன்னு ஒரே ஒரு வாட்டி காட்டிடு, எங்கேயாவது புரட்டிப் பார்க்கிறேன். இந்தச் சொல்லை வச்சு ஒரு வாக்கியம். நிதானமா சொல்லு."

"நன்னா யோசிச்சு சொல்லு கொழந்தே" என்றார் கணக்கு வாத்தியார். "கணக்கு உனக்கு எவ்வளவு ஜோரா வர்றது! இது என்ன பிரமாதம்?"

வாக்கியம் வாயில் இருந்தது. தினமும் மாட்டுக்குச் சொல்கிற வாக்கியம். சொன்னால் எல்லோரும் கை தட்டுவார்கள், நான் பள்ளிக்குப் போவேன். அப்பா ஈரத் துணியைக் கேட்பார். சொல் முடிந்துவிடும். அத்தை நாற்காலியில் சாய்ந்து, கட்டிலோடு காத்திருந்தார். ரங்கூன் அக்கா அடுக்களை நிலைப்படியில் நின்று என்னையே பார்த்தாள். அவள் தலையை மெல்ல ஆட்டினாள், 'சொல்லு' என்பதுபோல.

மணல் வாளியைக் காட்டி, "நியூஃபவுண்ட் பக்கெட்" என்றேன்.

அப்பா கோபப்பட்டிருந்தால் தேவலை. ரொம்ப மெதுவாக மூச்சு விட்டார். "சரி விடு. இவளுக்குப் படிப்பு ஏறாது. அம்மாவுக்குத் துணையா வீட்டுல இருக்கட்டும். ஒரு சம்பளம்தான் கட்ட முடியும்னா, அதுக்கு அந்தப் பிள்ளை போகட்டும். அதுக்காவது தலையில ஏறும்."

அத்தை அன்றைக்குக் கட்டில் பேச்சை விட்டுவிட்டார். பள்ளியில் சேர்த்த பிள்ளையை எப்படி மடத்துக்கு அனுப்புவது?

இப்படியாக என் பள்ளிப் படிப்பு முடிந்தது. ரங்கூன் அக்கா என் பையை மாட்டிக்கொண்டு போனாள். முதல் நாள் வாசலில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து, வெளியே தெரியாமல் அழுதேன். சந்தோஷம் எவ்வளவு, வயிற்றெரிச்சல் எவ்வளவு என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. சாயந்திரம் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப் பாடத்தை உரக்கப் படிப்பாள். மனசுக்குள் படிக்கக்கூடாதா என்று அண்ணன் கத்துவான். அவள் கேட்கமாட்டாள். ஆட்டுக்கல் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி படிப்பாள்.

அப்புறம் ஐப்பசி மழை வந்தது. ஒரு சனிக்கிழமை கடலிலிருந்து அடித்த காற்றில் ஜன்னல் கொக்கி கழன்று, கதவு வெளியே போய் மழையில் அடித்துக்கொண்டது. இழுத்துச் சாத்தியபோது வஜ்ரம் கரைந்து, கறுப்பு ஒழுகி, சுவரெல்லாம் மை வழிந்தது போல நின்றது. சொல் இருந்த இடத்தில் வெறும் கண்ணாடி. அதன் வழியே எதிர்வீட்டு முருங்கை தெரிந்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு! வீட்டில் எல்லோருக்கும் வெளிச்சம் வந்த சந்தோஷம். நான் மட்டும் அந்த வெறும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஞாயிறு. அவள் வந்த நாளில் இருந்த அதே ஆட்கள். அத்தை குடையை உதறிக்கொண்டே வந்தார். ஜன்னலைப் பார்த்தார். என்னைவிடக் கூர்மையான கண்.

"என்ன தம்பி, உன் சொல் முடிஞ்சிபோச்சு போலிருக்கே. பார்க்கலாம்னு சொன்னியே. மடத்துல மறுபடி ஒரு கட்டில் காலி. சிஸ்டர்மார்கிட்ட என்ன சொல்லட்டும்?"

அப்பா செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்தார். "எந்தச் சொல் அக்கா?"

அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே மறந்துபோயிருந்தார். அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அண்ணி, உக்காருங்க. மூத்தவ காபி கொண்டு வர்றா."

மூத்தவள். எங்கள் வீட்டில் அதுவரை மூத்தவள் நான்தான், ஒரே பெண் என்பதால். அந்தப் பட்டம் எப்போது கை மாறியது? யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவள் காபியோடு வந்தாள். அத்தைக்குச் சர்க்கரை குறைவு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். நன்றாயிருக்கிறது என்று சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

கணக்கு வாத்தியார்தான் விடவில்லை. "சார், சொல் அழிஞ்சாலும் பாக்கி அழியல்லையே! கொழந்தை காலணா காலணாவா எவ்வளவு தரணும் தெரியுமோ? நான் கூட்டி வெச்சிண்டிருக்கேன். மூணணா."

அப்பாவுக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. ஜன்னலைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டார்.

"ஆமாம்க்கா. இவ பாக்கி தீர்ற வரைக்கும் அந்தச் சொல் முடியல. சட்டம் சட்டம்தானே?"

அவருக்கு அந்த நிமிடம் ஏதாவது புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. புரிந்திருந்தால், அடுத்த வருடமாவது என்னைப் பள்ளிக்கு அனுப்பியிருப்பாரே என்று ஒரு மனம் சொல்லும். அடுத்த வருடம் இன்னும் பாதிச் சம்பளம்தான், எதைக் கொண்டு அனுப்புவார் என்று இன்னொரு மனம் சொல்லும். கேட்டிருக்கலாம். அவர் போகிறவரை நான் கேட்கவில்லை. ஒருவேளை யாருமே அவளை அனுப்புவதாக இல்லையோ, நான் வீணாகத்தான் பக்கெட் என்றேனோ? பூட்டை இழுத்துப் பார்க்கிறமாதிரி இதையும் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ரங்கூன் அக்கா படித்தாள், பயிற்சி முடித்தாள், வாத்தியார் ஆனாள். காகிதக் குடை எந்த வெள்ளையடிப்பில் எந்தக் குப்பையோடு போயிற்றோ. அவல் முடிச்சு மட்டும் அவள் பெட்டியில் வருடக் கணக்காக இருந்தது. முதல் சம்பளம் வாங்கிய அன்று நேரே அடுக்களைக்கு வந்தாள். என் கையைப் பிரித்து மூன்று அணாக்களை வைத்தாள்.

"போய் உண்டியல்ல போட்டுட்டு வா. உன் பாக்கி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மாட்டுக்குத் தெரியும்போது எனக்குத் தெரியாதா? கிணத்தடியில தினம் கேட்டேன். உச்சரிப்பு நல்லாத்தான் இருந்தது." சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏண்டி அன்னிக்குச் சொல்லல? நான் தலையைக்கூட ஆட்டினேனே."

நான் அணாக்களை அவள் கையிலேயே திருப்பி வைத்து விரல்களை மூடினேன். கட்டிவிட்டால் சொல் முடிந்துவிடும், அப்பா சட்டம் அது என்றேன். பைத்தியம் என்றாள். அதற்குப் பிறகு கல்யாணத்துக்கு, என் பிள்ளை பிறந்ததற்கு, அவள் ஓய்வு பெற்றதற்கு என்று எத்தனையோ தடவை கட்டப் பார்த்தாள். நான் விடவில்லை. அணா என்ற காசே போய்விட்டது. போன தைமாதம் அவளும் போய்விட்டாள், சாந்தோம் மணலில் அப்பா அம்மாவுக்குப் பக்கத்திலேயே.

நான் இன்னும் கட்டவில்லை. ஏழைகள் உண்டியலுக்கு நான் தர வேண்டிய பாக்கி, மூன்றணா.